போகாத பொழுதும் போதாத பொழுதும்

"பொழுது போகவில்லை" என்பது சிறுவர் பேச்சு. "பொழுது போதவில்லை" என்பது பெரியவர் பேச்சு. எழுத்தளவில் பார்த்தால் வேறுபாடு ஒன்றே. ககரம் இருந்த இடத்தில் தகரம் வந்திருக்கிறது. அந்த ஓரெழுத்து மாறுவதற்கு ஒரு மனிதனுக்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கின்றன, அது மாறும் நாள் இன்னதென்று யாருக்கேனும் தெரிகிறதா என்று நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இவ்வேறுபாடு நாள்தோறும் கண்முன் நிகழ்வது. தொடக்கப்பள்ளியில் கடைசிப் பாடவேளை முப்பது நிமிடந்தான். அதற்குள் கட்டுரை ஏடுகளைத் திருத்தி, பிழைகளை விளக்கி, வீட்டுப்பாடமும் கொடுத்துவிடலாம் என்று ஆசிரியர் நினைக்கிறார். பாதி ஏடுகள்கூடக் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. முதல் வரிசையில் இருக்கும் சிறுவனோ அந்த முப்பது நிமிடத்துக்குள் மூன்று முறை எழுந்து, "சார், மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டுவிடுகிறான். கரும்பலகைக்கு மேலே தொங்கும் கடிகாரம் இருவருக்கும் பொதுவானது. அவன் பொறுமையற்றவன் என்று குறிப்பெழுதுவது எளிது. அவனுடைய முப்பது நிமிடம் நம்முடைய முப்பது நிமிடந்தானா என்று கேட்பது அவ்வளவு எளிதன்று.

குழந்தை பேசத் தொடங்கும் பருவத்தில் காலத்தைக் குறிக்க அதற்கு இரண்டு சொற்கள் போதும். நடந்தது எல்லாம் 'நேற்று'. நடக்கப்போவது எல்லாம் 'நாளை'. போன ஆண்டு இறந்த கோழியும் நேற்றுத்தான் இறந்தது. அடுத்த தைப்பூசமும் நாளைக்குத்தான் வரப்போகிறது. நம் வீட்டுத் தாய்மார்கள் இதை அறிந்தே வேறோர் அளவையைக் கையாளுகிறார்கள். தீபாவளிக்கு எத்தனை நாள் என்று குழந்தை கேட்டால், "இன்னும் ரெண்டு தடவை தூங்கி எழுந்திரு" என்பார்கள். தூக்கத்தை அலகாகக் கொண்ட இந்த நாட்காட்டி எந்த நூலிலும் இல்லை. ஆயினும் குழந்தைக்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. பகலில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, அதையும் கணக்கில் கழிக்கச் சொல்லி அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். அதன் வாதத்தில் குற்றம் காண முடியவில்லை.

காலமும் உருவமும் குழந்தை மனத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை ஒரு முறை வகுப்பிலேயே கண்டேன். 'என் குடும்பம்' என்னும் தலைப்பில் பேச எழுந்த முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன், "எங்க வீட்டுல சித்தப்பாதான் பெரியப்பா" என்றான். வகுப்பு சிரித்தது. விசாரித்ததில் உண்மை விளங்கியது. அவனுடைய சித்தப்பா நெடிய உருவினர். பெரியப்பாவோ அவர் தோளுக்குத்தான் வருவார். உயரமாக இருப்பவர் பின்னால் பிறந்தவராக எப்படி இருக்க முடியும் என்பதுதான் அவன் ஐயம். நம் மொழியும் அவனுக்குத் துணை நிற்கிறது. 'பெரியவர்' என்ற ஒரு சொல்லாலேயே பருத்தவரையும் மூத்தவரையும் நாம் குறிக்கிறோம் அல்லவா?

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே இத்தகைய ஐயங்களையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர். 1928-ஆம் ஆண்டில் டாவோஸ் நகரில் நடந்த ஒரு சொற்பொழிவு வரிசையின்போது ஐன்ஸ்டைன் அவரிடம் சில கேள்விகளை எழுப்பினார். காலத்தைப் பற்றிய உணர்வு குழந்தைக்குத் தொடக்கத்திலேயே அமைந்திருக்கிறதா, வேகத்தைப் பற்றிய உணர்விலிருந்து பின்னால் பிறக்கிறதா என்பது போன்றவை அவை. அவற்றின் தூண்டுதலால் நெடுங்காலம் ஆய்ந்து, 1946-இல் குழந்தைகளின் காலக் கருத்தைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார் பியாஜே. அவர் செய்த சோதனைகளில் ஒன்று மிக எளியது. இரண்டு பொம்மைகளை ஒரே நேரத்தில் நகரச் செய்து, ஒரே நேரத்தில் நிறுத்துவார். ஒன்று மட்டும் விரைந்து சென்று சற்றுத் தள்ளி நிற்கும். எது அதிக நேரம் ஓடியது என்று கேட்டால், சிறு குழந்தைகள் தொலைவில் நிற்கும் பொம்மையைச் சுட்டிக் காட்டினார்கள். அதிகத் தூரம் என்றால் அதிக நேரம். உயரமானவர் மூத்தவர் என்னும் முடிவையும் அவர் பல குழந்தைகளிடம் கண்டார். என் மாணவனின் சித்தப்பா அந்த நூலில் இடம்பெற்றிருக்க வேண்டியவர்.

ஆக, குழந்தைக்குக் காலம் என்பது தனியே ஓடும் ஒன்றாக இல்லை. அது ஓட்டத்தோடும் உயரத்தோடும் தூக்கத்தோடும் பசியோடும் ஒட்டியிருக்கிறது. அவற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, வட்டமான ஒரு முகத்தில் பன்னிரண்டு எண்களாகப் பதித்துக் காட்டுவது பள்ளிக்கூடத்தின் வேலை.

எங்கள் தோட்டத்தில் அந்த வேலையைப் பள்ளிக்கு முன்பே ஒரு தண்டவாளத் துண்டு செய்துவந்தது. அலுவலகத்துக்கு எதிரே மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். விடியுமுன் அதை அடித்தால் பிரட்டுக்கு ஆட்கள் கூட வேண்டும். வெட்டுக்காட்டுக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு விரைவார்கள். அங்கே விடப்பட்ட பிள்ளைகளுக்கு அடுத்த நிகழ்ச்சி ஒன்றே: பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா திரும்பி வருவது. இடையிலிருந்த ஏழெட்டு மணி நேரத்துக்குப் பெயர் ஏதுமில்லை.

அந்தத் தண்டவாளத் துண்டும் நிலையான ஒரு நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததாக எண்ணிவிடக் கூடாது. மலாயாவில் கடிகாரம் பல முறை இடம் மாறியிருக்கிறது. 1941 செப்டம்பரில் பத்து நிமிடம் முன்னே தள்ளினார்கள். 1942-இல் ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நகரின் நேரமே இங்கும் நேரமாயிற்று. ஒரே தள்ளில் ஒன்றரை மணி நேரம் பறிபோனது. 1945-இல் அது திரும்பக் கிடைத்தது. பிறகு 1982 சனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்தைக் கொள்ளவேண்டும் என்பதற்காக இங்கு அரை மணி நேரத்தை முன்னே நகர்த்தினார்கள். சிங்கப்பூரும் அன்றே அவ்வாறு செய்தது. புது நேரத்தில் பிள்ளைகள் இருட்டோடு பள்ளிக்குப் புறப்பட்டதும், முதியவர்கள் சில காலம் 'பழைய நேரம்', 'புது நேரம்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்லி வந்ததும் என் நினைவில் இருக்கின்றன.

ஜப்பானியர் காலத்து நேரத்தைப் பற்றி என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடிகாரம் ஒன்பது என்னும். சூரியன் ஏழரை என்னும். வயிறு இரண்டையும் கேட்காது என்பார். அந்த ஆண்டுகளில்தான் எங்கள் குடும்பத்தில் ஒரு கணக்கு வழக்கு தொடங்கியது. அது தாய்க்கும் மகளுக்கும் இடையே நெடுநாள் தீராமல் இருந்தது.

1943-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என் தாயின் தந்தையைச் சயாமுக்கு இரயில் பாதை போட அழைத்துச் சென்றார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லப்பட்டது. மலாயாவிலிருந்து அவ்வாறு கொண்டு செல்லப்பட்டவர்கள் 70,000 பேருக்கு மேல். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பல்லாயிரவர் திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை அதே ஆண்டு அக்டோபர் 17-இல் இணைக்கப்பட்டது. அதன் பின்னும் பராமரிப்பு வேலைக்கென்று பலரை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். தாத்தா அவர்களுள் ஒருவர். அவர் வீடு வந்து சேர்ந்தது 1946 பிப்ரவரியில். மாதக் கணக்கில் முப்பத்திரண்டு.

அவர் போனபோது என் தாயாருக்கு ஏழு வயது. திரும்பியபோது பத்து நிறையவில்லை. ஆனால் அம்மா இந்தப் பிரிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அப்பா இல்லாத அந்தப் பத்து வருஷம்" என்றே சொல்வார். தேதியைக் காட்டித் திருத்தினால் தலையசைத்து ஏற்றுக்கொள்வார். அடுத்த முறை மீண்டும் பத்து வருஷம்தான். பாட்டியைக் கேட்டாலோ, "நேத்துப் போல இருக்கு. போனாரு, வந்தாரு" என்று முடித்துவிடுவார். அந்த வாசகம் அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. தாம் பத்து ஆண்டு தவித்திருக்க, பெற்றவளுக்கு அது நேற்றுப் போல் இருந்தது என்றால், பாட்டிக்குத் தாத்தாவின் மேல் அன்பு அவ்வளவுதான் என்பது அம்மாவின் தீர்ப்பு. அதற்கு ஒரு சான்றும் வைத்திருந்தார். லயத்துச் சுவரில் பாட்டி நாளுக்கொரு கரிக்கோடு போட்டு வந்தாராம். தொண்ணூறு கோடு ஆனதும் நிறுத்திவிட்டாராம். மூன்று மாதத் தவணை முடிந்ததும் கவலையும் முடிந்தது என்பது அம்மாவின் கட்சி.

ஓரிரு நாளில் மறந்துவிடக்கூடிய மனத்தாங்கல் அன்று இது. பாட்டி 1979-இல் இறக்கும்வரை, அதன் பிறகும்கூட, அம்மாவின் பேச்சில் அவ்வப்போது இது தலைகாட்டியது.

நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற காலத்தில் உளவியல் நூல்களைப் புரட்டியபோது, இந்த வழக்குக்கு அங்கே விடை கிடைக்கக்கூடும் என்று தோன்றியது. 1877-ஆம் ஆண்டில் பால் ஜானே என்னும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு கால அளவு நமக்கு எவ்வளவு நீளமாகத் தோன்றும் என்பது, நாம் இதுவரை வாழ்ந்த வாழ்நாளில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பதைப் பொறுத்தது. பத்து வயதுச் சிறுவனுக்கு ஓராண்டு வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. ஐம்பது வயதினருக்கு ஐம்பதில் ஒரு பங்கு. இதை எங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தேன். ஏழு வயதுச் சிறுமிக்கு முப்பத்திரண்டு மாதம் என்பது அதுவரை வாழ்ந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பாட்டிக்கு அப்போது இருபத்தாறு வயது என்று கொண்டால், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மகளின் அளவுகோல் தாயினுடையதைப்போல் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு; பத்து ஆண்டும் முப்பத்திரண்டு மாதத்தைப்போல் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு! கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியதும் எனக்கு ஐயமே வந்தது. பாட்டிக்குத் தாம் பிறந்த ஆண்டு தெரியாது. ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றிய காலத்தில் தாம் பாவாடை கட்டிய பெண் என்று சொல்வார், அவ்வளவே. குத்துமதிப்பான வயதை வைத்துக்கொண்டு சூத்திரத்தை மெய்ப்பித்துவிட முடியாது.

மேலும், வகுத்துக் காணும் இந்தக் கணக்கு உண்மையானால் முதியவருக்கு எந்நேரமும் விரைந்தோட வேண்டும். அப்படி ஓடுகிறதா? பொது மருத்துவமனையில் முறை எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் எழுபது வயதினரைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய பிற்பகல் குழந்தையின் பிற்பகலுக்குச் சற்றும் குறைந்ததன்று.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியல் நூலில் ஜானேயின் விதியை எடுத்துக்காட்டி, அது நிகழ்வை ஏறக்குறையக் குறிக்கிறதேயன்றிக் காரணத்தை விளக்கவில்லை என்கிறார். அவர் தரும் விளக்கம் வேறு. காலத்துக்கு இரண்டு நீளங்கள் உண்டு: கடக்கும்போது ஒன்று, கடந்தபின் நினைக்கும்போது மற்றொன்று. புதுப்புது அனுபவங்கள் நிறைந்த நாள் கடக்கும்போது குறுகியும் நினைக்கும்போது நீண்டும் தோன்றும். வெறுமையான நாளோ கடக்கும்போது நீளும். நினைத்துப் பார்த்தால் சுருங்கிவிடும். இளமையில் ஒவ்வொரு மணியும் ஏதேனும் புதியதைக் கொண்டுவருவதால் அந்நாட்கள் நினைவில் விரிகின்றன. வயது ஏறியபின் நாட்கள் ஒன்றைப்போல் ஒன்று ஆகி, ஆண்டுகள் உள்ளீடற்று ஒடுங்குகின்றன.

இதைப் படித்தபோது பாட்டியின் நாட்கள் எனக்கு விளங்கலாயின. அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்குவது, அவிப்பது, மறுநாளைக்குத் தண்டு ஊன்றுவது. நேற்றுப் பிடுங்கிய குழிக்குப் பக்கத்துக் குழி இன்று. கடிதம் வராது, வந்தாலும் படிக்கத் தெரியாது. எந்த நாளும் அடுத்த நாளிலிருந்து வேறுபடவில்லை. அப்படிப்பட்ட நாள் ஒவ்வொன்றும் கடக்கும்போது எவ்வளவு நீண்டிருக்கும்! ஆனால் பின்னாளில் நினைவில் எடுத்துப் பார்க்க அவற்றில் என்ன இருந்தது? ஆயிரம் நாளும் ஒரே நாளாக மடிந்துபோயின. அவரைப் பொறுத்தவரை 'நேத்துப் போல இருக்கு' என்பது உண்மையான சொல்.

அம்மாவுக்கோ அவை வளரும் ஆண்டுகள். மூடிக்கிடந்த பள்ளி திறந்து ஜப்பானிய மொழி கற்பித்தார்கள். இச்சி, நி, சான் என்று எண்ணக் கற்றார். எண்பது வயதிலும் தவறின்றி எண்ணிக் காட்டினார். தம்பியைச் சுமந்தார், கிழங்கு சீவக் கற்றார், ஓணானுக்குப் பயந்தவர் அதை விரட்டக் கற்றார். ஒவ்வொன்றும் நினைவில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தாத்தா திரும்பி வந்து வாசலில் நின்றபோது அம்மா அடையாளம் தெரியாமல் உள்ளே ஓடி ஒளிந்துகொண்டாராம். "அப்பா ரொம்ப உசரமா இருந்தாரே, இது யாரோ குட்டையான ஆளு" என்பது அவர் நினைத்தது. தாத்தா இளைத்துக் கூனியிருந்தார் என்பது பாதி உண்மை. தாம் வளர்ந்துவிட்டதை அச்சிறுமி கணக்கில் சேர்க்கவில்லை என்பது மறுபாதி. பியாஜே அருகில் இருந்திருந்தால் குறித்துக்கொண்டிருப்பார்.

காத்திருப்பவர் நாளை எண்ணும் வழக்கம் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. திருக்குறளில் 'அவர்வயின் விதும்பல்' என்னும் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியதே. சுவரில் இட்ட நாட்குறிகளைத் தொட்டெண்ணியதில் தலைவியின் விரல் தேய்ந்ததும், வருநாளை எண்ணி ஏங்குவார்க்கு ஒரு நாள் ஏழு நாட்களாக நீள்வதும் அங்கே பேசப்படுகின்றன. வகுப்பில் இவற்றை நடத்தும்போதெல்லாம் எழுத்தறியாத என் பாட்டியின் கரிக்கோடுகளே எனக்கு நினைவுக்கு வரும். அங்கே பேசுபவள் காத்திருந்துகொண்டிருக்கும் பெண். காத்திருந்து முடித்து, நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்க்கும் பெண்ணைக் கேட்டால் அதே ஏழு நாள் கணக்கைச் சொல்வாளா என்று மாணவர்களிடம் கேட்பதுண்டு. நல்ல விடைகள் வந்திருக்கின்றன.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 14 முதல் 94 வயது வரையிலான 499 பேரிடம் இது பற்றி விசாரித்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கடந்த வாரம், கடந்த மாதம், கடந்த ஆண்டு எவ்வளவு விரைவாகப் போயிற்று என்ற வினாக்களுக்கு இளையோர் விடையும் முதியோர் விடையும் பெரிதாக வேறுபடவில்லை. கடந்த பத்தாண்டைப் பற்றிக் கேட்டபோதுதான் வயது ஏற ஏற 'விரைந்து போயிற்று' என்ற விடை மிகுந்தது. முதுமை நாளைக் குறுக்குவதில்லை, பத்தாண்டைத்தான் குறுக்குகிறது என்பது எனக்குச் சரியாகவே படுகிறது. பணி ஓய்வுக்குப் பின் என் காலைப் பொழுதுகள் நீளமானவையே. மாலைச் செய்தித்தாள் வருவதற்குள் இரண்டு முறை வாசலுக்குப் போய் வருகிறேன். ஆனால் ஓய்வு பெற்றது எப்போது என்று யாரேனும் கேட்டால், சொல்லும் எண்ணிக்கையை நானே நம்புவதில்லை.

ஜேம்ஸ் சொன்னதை அம்மாவுக்கு ஒரு நாள் விளக்க முயன்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புத்தகம் எழுதினவரு எங்க லயத்துல குடியிருந்தாரா?" என்று கேட்டார். நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

என் தந்தையார் 2004-இல் காலமானார். ஏழு ஆண்டுகளுக்குப் பின், ஒரு தீபாவளிக்கு முந்திய நாள், முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்த அம்மாவிடம் என் பேத்தி, சுவரிலிருந்த படத்தைக் காட்டி, "பாட்டி, பெரிய தாத்தா செத்துப்போயி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள். ஐந்து வயதுப் பிள்ளை. அவள் பிறப்பதற்கு முன் நடந்தது அது.

"நேத்துப் போல இருக்குடி" என்றார் அம்மா.

சொன்னவர் கையை மாவிலேயே வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பேத்தி ஓடிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாட்டி சுவத்துல கோடு போட்டாங்கன்னு சொல்லுவேனே, அது தொண்ணூறோட நிக்கல்லேடா. மேலேயும் போட்டாங்க" என்றார்.

எத்தனை என்று கேட்டேன்.

"எனக்கு அப்போ நூறு வரைக்குந்தான் எண்ணத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போனார்.